பழியல்ல, பாதுகாப்பே தேவை

15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.8 விழுக்காட்டினர் தாயாகியிருந்தனர் அல்லது கருவுற்றிருந்தனர் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21). திரிபுராவில் இது 21.9 விழுக்காடு. வறுமையும் பள்ளி இடைநிற்றலும் இளவயதுத் திருமணமும் கைகோத்து நிற்கும் இடங்களில்தான் இச்சுமை மிகுதி.

சட்டம் வழியை அடைத்துவிடவில்லை. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதோர் பாதுகாவலரின் எழுத்துபூர்வ ஒப்புதலுடன், 20 வாரங்களைக் கடந்தால் இரு மருத்துவர்களின் கருத்தின் பேரில், 24 வாரங்கள் வரை கருக்கலைப்புச் செய்துகொள்ளலாம். ஆயினும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு காவல்துறைக்குத் தகவல் தருவதைக் கட்டாயமாக்குகிறது. ஊரறிந்துவிடும் என்றஞ்சும் சிறுமி போலி மருத்துவரிடம் உயிரைப் பணயம் வைக்கிறாள். சிறுமியும் பாதுகாவலரும் கோரினால், அத்தகவலில் அவளது அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என 2022 செப்டம்பர் 29 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனை ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் நடைமுறைப்படுத்த வேண்டும். பிள்ளை பெறும் சிறுமியைப் பள்ளியிலிருந்து விலக்கலாகாது.

அரசிடம் கோருவதோடு நம் கடமை முடிந்துவிடாது. பழிச்சொல் நம் வீடுகளிலும் ஒலிக்கிறது. கதவைத் தட்டும் சிறுமியிடம் விசாரணை நடத்தாமல், மருத்துவமனை வரை உடன் செல்பவரே தோழர்.