ஓடும் காருக்கு இறக்கை எதற்கு?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது முன்னோர் வாக்கு. அம்மியே பறக்குமென்றால், ஆடிக் காற்றினும் விரைந்தோடும் ஸ்போர்ட்ஸ் கார் பறக்காதா? பறக்கத்தான் முயல்கின்றது! அதனைத் தரையோடு பிடித்து நிறுத்தவே பின்புறத்தில் இறக்கையும், முன்புறத்தில் மோவாய் போன்ற தகடும், இன்னும் பலவும் பொருத்துகின்றனர். இவை கொடுத்த காசுக்குப் பயன் தருகின்றனவா, அன்றி வெறும் அலங்காரந்தானா?

பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவியராகிய எங்களிடையே இந்த வாதம் எழக் காரணம், எங்களுள் ஒருத்தியின் அண்ணன். தம் பழைய காரின் பின்புறம் பெரியதோர் இறக்கை பொருத்த வேண்டுமென்று வீட்டில் பணம் கேட்டுக் கொண்டிருக்கிறார். இயற்பியல் வகுப்பில் தொடங்கிய பேச்சு உணவு இடைவேளையையும் விழுங்கிவிட்டு, இதோ ஆண்டு மலருக்கே வந்துவிட்டது. "பெண் பிள்ளைகளுக்குக் கார் இறக்கையைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்கும் பெற்றோர் எவரேனும் இருப்பின், அவர்கள் வீட்டில் இப்படி ஓர் அண்ணன் இல்லை என்றே கொள்வோம்.

முதலில் காற்றின் கணக்கைப் பார்ப்போம். காரின் அடிப்பாகம் ஏறக்குறையத் தட்டை, மேற்பாகமோ வளைவு. வளைவின் மேல் காற்று விரைந்து செல்வதால் அங்கே அழுத்தம் குறைகின்றது. கார் மேல்நோக்கி இழுக்கப்படுகின்றது. சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறையக் குறைய, டயர் சாலையைப் பற்றும் வலிமையும் குறைகின்றது. பேருந்துச் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சற்றே சாய்த்துப் பார்த்தவர்கள் இதை அறிவர். (நீட்டக் கூடாது என்று சகோதரியர் கூறுவது முற்றிலும் சரி. நாங்கள் நீட்டியது சிறு வயதில்.) இறக்கை செய்யும் வேலை எளிது: விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அது தூக்குவதற்குப் பதிலாக அழுத்தும். ஸ்பாய்லர் என்பது வேறு. அது உடலோடு ஒட்டி நின்று, மேலே வழுக்கிச் செல்லும் காற்றின் போக்கைக் கெடுத்து, தூக்குவிசையைக் குறைப்பது. "கெடுப்பது" என்பதே அப்பெயரின் பொருள்.

இவ்விசைகள் யாவும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தவை. இந்த ஒரு வரியை மறந்தால் வாதம் முழுவதும் குழம்பிவிடும். 2022இல் வெளிவந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் என்னும் காரை எடுத்துக் கொள்வோம். அதன் பெரிய இறக்கையும் பிற அமைப்புகளும் சேர்ந்து மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் 409 கிலோ அழுத்தம் தருகின்றன, 285 கி.மீ. வேகத்தில் 860 கிலோ. ஏறத்தாழ 1450 கிலோ எடையுள்ள காருக்கு இது பெரும் பாரம் அன்றோ! ஆனால் அதே கார் 50 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால்? வேகம் நான்கில் ஒரு பங்கு; அழுத்தம் பதினாறில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தோம்: சுமார் 25 கிலோ. கடைத்தெருவில் ஒரு சிப்பம் அரிசியை வாங்கிப் பின்னால் ஏற்றியதற்குச் சமம்! உலகின் மிகத் தேர்ந்த இறக்கைகளுள் ஒன்றின் நிலை இதுவென்றால், கடையில் வாங்கி ஒட்டும் இறக்கையைப் பற்றி என்ன சொல்வது?

அப்படியானால் எல்லாம் வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? எங்களுள் சிலர் அவ்வாறே வாதிட்டனர். அவர்கள் வாயை அடைத்தது ஆடி டிடி என்னும் ஜெர்மானியக் காரின் கதை.

அக்கார் 1998இல் விற்பனைக்கு வந்தது. வட்ட வளைவுகளால் அமைந்த அதன் வடிவத்தை உலகமே வியந்தது. பின்புறத்தில் துருத்தி நிற்கும் எதுவும் இல்லை. கூழாங்கல் போன்ற வழவழப்பு. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் பல பகுதிகளுக்கு வேக வரம்பு கிடையாது. அங்கே 180 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில், திடீரெனத் தடம் மாறும்போதும் வளைவுகளில் திரும்பும்போதும், சில கார்களின் பின்புறம் பிடி நழுவியது. விபத்துகள் நேர்ந்தன, உயிர்கள் போயின. பின்னர் 1999ஆம் ஆண்டின் இறுதியிலும் 2000இலுமாக நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, பின் மூடியின் மேல் ஒரு சிறு ஸ்பாய்லரைப் பொருத்திற்று. அதனோடு வண்டி நிலைதடுமாறாமல் காக்கும் மின்னணு அமைப்பையும் சேர்த்து, சக்கரங்களைத் தாங்கும் அமைப்பிலும் மாற்றங்கள் செய்தது. ஆகவே முழுப் பெருமையையும் ஸ்பாய்லருக்கே தருவது நேர்மையாகாது. எனினும் விரலளவு உயர்ந்து நிற்கும் ஒரு துண்டு, இல்லாதபோது எவ்வளவு பெரிய குறையாக இருந்தது என்பதை எண்ணினால் நெஞ்சம் பதறுகின்றது. அழகைக் கெடுத்துவிட்டார்களே என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அழகு குறைந்தால் குறையட்டும்! அந்தக் கார்களில் சென்றவர்களுக்கும் வீட்டில் காத்திருக்கும் தாய்மார் இருந்தனர்.

இதற்கு நேர் எதிரான கதை இத்தாலியில் இருக்கிறது. லம்போர்கினி கௌன்டாஷ் காரின் 1978ஆம் ஆண்டு வகைக்கு, விரும்புவோர் மட்டும் தனியே விலை கொடுத்து வாங்கிக் கொள்ளும் இறக்கை ஒன்று இருந்தது. அதிவேகத்தில் கார் உறுதியாக நிற்க அது உதவியதாம். ஆனால் உச்ச வேகம் குறைந்தது 16 கி.மீ. சரிந்து போயிற்று. காற்றின் எதிர்ப்பைக் கூட்டிய பின் வேகம் எங்கிருந்து வரும்? வேகம் இரு மடங்கானால் காற்றைத் தள்ள வேண்டிய திறன் எட்டு மடங்காகிறது என்பது எங்கள் பாடம். ஆயினும் வாங்கியவர்களில் பெரும்பாலோர் இறக்கையைக் கேட்டு வாங்கினர். அவர்கள் எல்லோரும் உறுதியை நாடித்தான் வாங்கினார்கள் என்று நம்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அண்ணன்மாரின் அறைச் சுவர்களில் அந்தக் காரின் படத்தைப் பார்த்தவர்கள் எங்களோடு உடன்படுவர்.

வேகமும் குறையாமல் பிடிப்பும் கூடுமா? கூடியதுண்டு. 1972இல் போர்ஷே நிறுவனத்தின் பொறியாளர்கள் 911 காரின் பின் மூடியில் வாத்தின் வாலைப் போல் மேல்நோக்கி வளைந்த ஒரு ஸ்பாய்லரை அமைத்தனர். கரேரா ஆர்எஸ் 2.7 என்னும் அக்காருக்கு முன்புறத்திலும் தகடு உண்டு. பின் சக்கரங்களைத் தூக்கும் விசை பெரிதும் குறைந்தது. உச்ச வேகமோ சிறிது கூடவே செய்தது! காற்றுச் சுரங்கத்திலும் ஓடுபாதையிலும் திரும்பத் திரும்பச் சோதித்து, எந்த உயரம், எந்த வளைவு என்று அளந்ததன் பயன் அது. அதே 911 காருக்கு 1989இல் வந்த ஏற்பாடு இன்னும் வேடிக்கையானது: சுமார் 80 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஸ்பாய்லர் தானே எழும்; வேகம் குறைந்ததும் படுத்துக் கொள்ளும். வேலையில்லாத நேரத்தில் விறைத்து நிற்பதில்லை.

பந்தயத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. அங்கே வளைவில் கிடைக்கும் ஒரு நொடியே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். ஆகவே இறக்கை அங்கே தேவைதான். 1966இல் அமெரிக்கரான ஜிம் ஹால் தம் சப்பாரல் 2ஈ காரில், ஓட்டுநர் காலால் சாய்வை மாற்றக்கூடிய உயர்ந்த இறக்கையை அமைத்தார். ஆனால் பந்தயம் தரும் எச்சரிக்கையும் ஒன்று உண்டு. 1969 மே மாதம், பார்சிலோனாவில் நடந்த ஸ்பெயின் கிராண்ட் பிரீ பந்தயத்தில், லோட்டஸ் அணியின் இரு கார்களிலும் உயர்ந்த இறக்கைகள் ஓட்டத்திலேயே முறிந்தன. இருவரும் உயிர் தப்பினர். ஜோகன் ரிண்ட் காயமுற்றார். அம்மாதமே அத்தகைய உயர்ந்த இறக்கைகளுக்குத் தடை வந்தது. பொறியாளர் பலர் கூடிச் செய்த இறக்கைக்கே அந்தக் கதி. நான்கு திருகாணிகளிலும் ஒட்டுநாடாவிலும் நிற்கும் இறக்கையின் பின்னால் இரு சக்கர வாகனத்தில் செல்பவரை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் அண்ணன்மார் மறந்துவிடுகின்றனர். பின்புற இறக்கை, பின் சக்கரங்களுக்கும் அப்பால் துருத்தி நிற்பது. பூங்காவிலுள்ள சீசா பலகையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுகிறது அல்லவா? அதேபோல் பின்புறம் மட்டும் அழுத்தப்பட்டால் முன் சக்கரங்களின் பாரம் குறையும். திருப்புவது அந்தச் சக்கரங்களே. இன்றைய குடும்பக் கார்களில் பெரும்பாலானவற்றை இழுத்துச் செல்வதும் அவையே. போர்ஷே கார் வாத்து வாலோடு முன் தகட்டையும் தாங்கியிருந்தது இதனால்தான்.

ஆகவே எங்கள் கருத்து இது. காரை உருவாக்கியவர்கள் முன்னும் பின்னும் அளந்து அமைத்த உறுப்புகளை, அழகில்லை என்று ஒருபோதும் கழற்றக் கூடாது. பந்தயத் தடத்தில் ஓட்டுபவர், அந்தக் காருக்கென்றே சோதித்தவற்றை வாங்கலாம், செலவு தகும். ஊருக்குள் ஓடும் காருக்குக் கடையில் பார்த்து ஒட்டும் இறக்கையோ எடையையும் பெட்ரோல் செலவையும் கூட்டுமேயன்றி வேறொன்றும் தராது. அந்தப் பணத்துக்கு நல்ல டயர் நான்கு வாங்கினால், 50 கி.மீ. வேகத்திலும் பயன் உண்டு, மழையிலும் பயன் உண்டு. "பார்க்க நன்றாயிருக்கிறது, அது போதாதா?" என்று எங்களில் இருவர் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. நன்றாயிருக்கிறது என்பதை நாங்களும் மறுக்கவில்லை. ரிப்பன் கட்டிக் கொள்ளும் நாங்கள் அதைச் சொன்னால் ஊர் சிரிக்கும். ஆனால் ரிப்பன் கட்டினால் வேகமாக ஓடலாம் என்று நாங்கள் அப்பாவிடம் பணம் கேட்பதில்லை.

அரிசிச் சிப்பக் கணக்கை ஒரு தாளில் எழுதி, எங்கள் தோழி தம் அண்ணனிடம் கொடுத்தாள். அவர் இருமுறை படித்துவிட்டு, முதலில் டயர்களை மாற்றிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றாராம். இறக்கையின் படம் மட்டும் இன்னும் அவர் மேசைமேல்தான் இருக்கிறதாம்.