எப்போது கண்டாய் என்று கேளுங்கள்

வடநாட்டுப் பல்கலைக்கழக விடுதி ஒன்றில் என் அடுத்த அறைத் தங்கை, தேர்வுக் காலத்து விடியற்காலை ஒன்றில் விழித்தபோது கதவருகே ஒரு கரிய உருவத்தைக் கண்டாள். எழ முயன்றாள், உடல் அசையவில்லை. கத்த முயன்றாள், குரல் எழவில்லை. மார்பின்மேல் ஏதோ ஏறி அமர்ந்ததுபோல் மூச்சு முட்டியது. சிறிது நேரத்தில் எல்லாம் மறைந்துவிட்டது. கொடுமை அதன்பிறகே தொடங்கியது. வீட்டார் மந்திரித்த கயிறு கட்டினர். தோழியர் அவளோடு அறையைப் பகிர அஞ்சினர். மருத்துவர் ஒருவர், ‘உருவம் தெரிந்தது’ என்று கேட்டவுடனே மனச்சிதைவுக்கு மருந்து எழுதினார். “அக்கா, எனக்குப் பைத்தியமா?” என்று அவள் என்னிடம் அழுதாள். அதுவரை ஒருவரும் அவளிடம் ‘எப்போது கண்டாய்?’ என்று கேட்டிருக்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறும் நம் அனைவர்மீதும்தான் என் குற்றச்சாட்டு.

உறங்கப்போகும் வேளையில் தோன்றும் காட்சிகளுக்கு 1848இல் பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரட் மோரி ‘ஹிப்னகாஜிக்’ என்று பெயரிட்டார். விழிக்கும் வேளையில் தோன்றுபவை ‘ஹிப்னபாம்பிக்’ எனப்படும். பிரிட்டனில் ஏறத்தாழ 5,000 பேரிடம் நடத்தப்பெற்று 1996இல் வெளியான ஆய்வில், 37 விழுக்காட்டினர் முதல் வகையையும் 12.5 விழுக்காட்டினர் இரண்டாம் வகையையும் அறிந்திருந்தனர். இத்தனை பேரும் பேய் பிடித்தவர்களா? இத்தனை பேரும் நோயாளிகளா?

கனவு மிகும் உறக்கநிலையில் மூளை நம் கைகால்களைச் செயலிழக்கச் செய்கிறது. கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து பாயாமல் காக்கும் ஏற்பாடு அது. சில வேளைகளில் அந்தப் பூட்டு திறக்குமுன்னே விழிப்பு வந்துவிடுகிறது. கண் அறையைக் காண்கிறது. கனவோ இன்னும் முடியவில்லை. மூச்சை நம் விருப்பப்படி ஆழ இழுக்கவும் இயலுவதில்லை. அதுவே மார்பின்மேல் பாரமாகிறது.

மொழியியல் படித்தவள் என்பதால் சொற்களையும் கவனிக்கிறேன். தமிழில் இதனை ‘அமுக்குவான்’ என்பர். அமுக்கு என்னும் வினையோடு ஓர் ஆண்பால் விகுதி சேர்ந்ததும், பாரத்துக்கு ஓர் ஆள் பிறந்துவிட்டான். ஆங்கிலத்து ‘நைட்மேர்’ சொல்லில் இருப்பதும் குதிரையன்று. மார்பில் அமரும் பழைய தீய ஆவி. ஜப்பானியரின் ‘கனாஷிபாரி’ என்னும் சொல்லிலோ கட்டு மட்டுமே உண்டு; கட்டியவன் இல்லை. அனுபவம் ஒன்றே, அதற்கு எழுவாய் தருவது அவரவர் மொழி. முன்னோர் தந்த அந்த எழுவாயை நான் பழிக்கவில்லை. இன்றும் அதை நம்பி ஒரு பெண்ணின் கையில் கயிறு கட்டுவதைத்தான் பழிக்கிறேன்.

‘எல்லாம் உன் கற்பனை’ என்று சிரிக்கும் பகுத்தறிவாளரும் எனக்கு உவப்பானவர் அல்லர். காட்சி பொய்யாயினும் அச்சம் மெய். உறக்கக் குறைவு, ஒழுங்கற்ற உறக்கநேரம், பதற்றம், ஆறாத மனக்காயம் ஆகியவற்றோடு உறக்க முடக்கத்துக்குத் தொடர்புண்டு. 2011இல் வெளியான தொகுப்பாய்வு, வாழ்நாளில் ஒருமுறையேனும் அதற்கு ஆட்பட்டோர் பொதுமக்களில் 7.6 விழுக்காடு என்றும் மாணவரில் 28.3 விழுக்காடு என்றும் கணித்தது. விடிய விடிய விழித்திருப்பதை உழைப்பின் அடையாளமாகப் போற்றும் கல்விக்கூடங்கள் இந்த எண்களைப் படிக்கட்டும். அஞ்சியவள் உறங்க மறுக்கிறாள்; உறங்காதவளிடம் அக்காட்சி மீண்டும் வருகிறது. அவளைப் பார்த்துச் சிரிப்பவர் அந்தச் சுழலுக்கே துணைபோகிறார்.

மருத்துவருக்கும் ஒரு சொல். உளமருத்துவர் கையாளும் டி.எஸ்.எம்.-5 கையேடே, உறக்கத்தின் இரு விளிம்புகளிலும் தோன்றுபவை இயல்பான அனுபவத்தின் எல்லைக்குள் அடங்கும் என்கிறது. முழு விழிப்பில் குரல் கேட்டாலோ, பகலில் அடக்கவொண்ணா உறக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்தாலோ தயங்காமல் மருத்துவரிடம் செல்லவேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேறுபாட்டை அறிவதற்கேனும் காலத்தைக் கேட்கவேண்டாமா?

நாளை உங்கள் வீட்டுப் பிள்ளை ‘உருவம் ஒன்று கண்டேன்’ என்று நடுங்கியபடி வரலாம். கயிற்றையும் தேடவேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். எப்போது கண்டாய் என்று கேளுங்கள். பிறகு, கடைசியாக நன்றாக உறங்கியது எந்த நாள் என்றும் கேளுங்கள்.