பாண்டாச் சோறும் திறக்கேலாத மூடியும்

போன கிழமை மனிசியின்ர வட்ஸ்அப்புக்கு ஒரு வீடியோ வந்தது. அனுப்பினது லண்டன் மச்சாள். சோத்தை உருட்டிப் பாண்டாக் கரடி செய்து, கடற்பாசித் தாளிலை கண் வெட்டி ஒட்டி, கரட்டிலை பூ, வெள்ளரிக்காயிலை இலை. "பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்குப் புதுமையான யோசனைகள்" எண்டு தலைப்பு. வேலையாலை வந்து சப்பாத்தும் கழட்டாமல் நிண்டு அதைப் பாத்த மனிசி, "நானெல்லாம் என்ன தாய்" எண்டு பெருமூச்சு விட்டாள்.

எனக்கு வந்த கோபம் அந்தப் பாண்டாவோடை நிக்கேல்லை. அதுதான் எழுதுறன்.

முதலிலை பாண்டாவின்ர கதை. இந்தக் கலை யப்பானிலையிருந்து வந்தது. ஆனால் அந்த யப்பானிலை 1954இலேயே பள்ளிக்கூட மதிய உணவுக்கெண்டு சட்டம் வந்திட்டுது. அங்கை ஆரம்பப் பள்ளிக்கூடங்களிலை அநேகமாக எல்லாப் பிள்ளையளும் பள்ளிக்கூடம் குடுக்கிற ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிடுதுகள். முறை வைச்சு, வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டுப் பரிமாறுறதும் பிள்ளையள்தான். பாண்டா கூடுதலாகப் பாலர் பள்ளிக்கும் சுற்றுலாவுக்கும். கனடாவிலை மத்திய அரசு நாடு முழுக்கப் பள்ளிக்கூட உணவுத் திட்டம் எண்டு காசு அறிவிச்சதே 2024 ஏப்ரலிலைதான். ஐஞ்சு வருசத்துக்கு 100 கோடி டொலர் எண்டு அறிவிச்சவை. அது எங்கட பிள்ளையின்ர மேசைக்கு வரும்வரைக்கும் பெட்டி கட்டுறது வீட்டு வேலை. வீட்டு வேலை எண்டால் ஆற்றை வேலை எண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனி என்ர கதை. கம்பஸை ரெண்டாம் வருசத்தோடை விட்டிட்டு வந்த நான், பதினாலு வருசமாக ரொறன்ரோவிலை ஒரு இத்தாலியன் சாப்பாட்டுக் கடைக் குசினியிலை நிக்கிறன். இரவுக்கு நூறு, நூற்றைம்பது தட்டுப் போகும். ஒவ்வொரு தட்டின்ர விளிம்பையும் துணியாலை துடைச்சு, மேலை ஒரு இலை வைச்சுத்தான் வெளியிலை விடுவன். ஆரெண்டே தெரியாத சனத்துக்கு.

மூத்தவள் மூண்டாம் வகுப்புப் படிக்கேக்கை அவளின்ர பள்ளிக்கூடப் பைக்குள்ளை மூண்டு நாள் புட்டு, பூஞ்சணம் பிடிச்சபடி கிடந்துது. மனிசி தொழிற்சாலை வேலைக்குப் போக முதல் நாலரைக்கு எழும்பி அவிச்ச புட்டு. எனக்குத் தலைக்கேறிட்டுது. வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினன். 95 ஒக்ரோபரிலை வலிகாமத்தை விட்டு மழைக்குள்ளை நடந்தது, ஒரு துண்டுப் பாணுக்கு வரிசையிலை நிண்டது, எல்லாம். கடைசியிலை, "தமிழ்ச் சாப்பாடு கொண்டுபோக வெக்கமோ?" எண்டு கேட்டன்.

அவள் அழுதுகொண்டு சொன்னாள்: "எனக்குப் புட்டு விருப்பம் அப்பா. ஆனா குளிர்ந்து கல்லு மாதிரி இருக்கு. மூடியும் திறக்கேலாது. மிஸ் வந்து திறந்து தாறதுக்குள்ளை மணி அடிச்சிடும்."

"அப்ப ஏன் அம்மாட்டைச் சொல்லேல்லை?"

"அம்மா பாவம், நாலரைக்கு எழும்பிறா."

பிறகு கண்ணைத் துடைச்சுப்போட்டுக் கேட்டாள்: "நீங்கள் ஒருநாளும் எனக்கு லஞ்ச் கட்டேல்லைத்தானே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

என்னட்டை மறுமொழி இல்லை.

எங்கட சனத்துக்குள்ளை ரெண்டு கட்சி இருக்கு. ஒண்டு, "புட்டும் கறியும் குடுத்தால் வெள்ளைப் பிள்ளையள் மணக்குது எண்டு சிரிக்கும், சாண்ட்விச்சே குடுங்கோ" எண்ட கட்சி. மற்றது, "புட்டை விட்டால் தமிழ் அழிஞ்சிடும்" எண்டு மண்டபத்திலை மைக் பிடிக்கிற கட்சி. ரெண்டு கட்சியும் பிள்ளையிட்டை ஒரு சொல்லுக் கேக்காது. மணக்குது எண்டு பகிடி பண்ணுறது நடக்கிறதுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அப்பிடி நடந்தால் தேப்பன் பள்ளிக்கூடத்துக்குப் போய் ரீச்சரோடை கதைக்க வேணும். சாப்பாட்டை மாத்தி என்ன பிரயோசனம்? ஆனால் என்ர வீட்டுப் பிரச்சினை மணமுமில்லை, மானமுமில்லை. மூடி.

இப்ப தேப்பன்மாரிட்டை வாறன். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், எந்த ஊர்க் குசினிக்குள்ளை எட்டிப் பாத்தாலும் எங்கட ஆக்கள். வெங்காயம் வெட்டுறதிலை எங்களை அடிக்க ஆளில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் வெள்ளரிக்காய் எந்தப் பக்கத்தாலை வெட்டுறதெண்டு தெரியாது. "முழுநாளும் நிண்டு களைச்சுப்போனன்" எண்டுறம். மனிசிமார் தொழிற்சாலையிலை கட்டிலிலை படுத்திருந்திட்டோ வருகினம்? சம்பளம் தந்தால் சமையல் தொழில், சம்பளம் இல்லாட்டில் அது பொம்பிளையளின்ர கடமை. இதைத்தான் நாங்கள் பண்பாடு எண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறம். இதுக்கு மேலை பாண்டா செய்யேல்லை எண்டு தாய்மாரைக் குற்ற உணர்ச்சியிலை வேற தள்ளுறம்.

தொழில் தெரிஞ்சவன் எண்டதாலை நாலு விசயம் சொல்லுறன். குசினிக்காரருக்கு முதல்நாள் படிப்பிக்கிறது: 4 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையிலை சாப்பாடு நிண்டால் கிருமி பெருகும். விடிய ஆறு மணிக்குக் கட்டின கோழிக்கறிச் சோறு மத்தியானம் மட்டும் இளஞ்சூட்டிலை கிடக்கக் கூடாது. சூடாகக் குடுக்கிறதெண்டால் வாயகண்ட தேமஸ் வாங்குங்கோ. முதலிலை கொதிதண்ணியை ஊத்திப் பத்து நிமிசம் மூடி வையுங்கோ. பிறகு அதை ஊத்திப்போட்டு, ஆவி பறக்கிற சாப்பாட்டைப் போடுங்கோ. புட்டைத் தனியாக வையாமல் கறியோடை பிரட்டிப் போட்டால் காயாது. இடியப்பத்தைக் கொத்தாக்கினால் கரண்டியாலை சாப்பிடலாம். குளிர்ச்சாப்பாடு எண்டால் ஐஸ்பொதி வைக்க வேணும். முட்டை றொட்டியைச் சுருட்டி ரெண்டாக வெட்டினால் கையிலை பிடிக்கலாம். கச்சான் வேண்டாம். ஒவ்வாமையாலை ஒரு மாணவி இறந்து, ஒன்ராறியோவிலை 2005இலை அதுக்கெண்டே சட்டம் வந்தது. எள்ளுருண்டைக்கும் பள்ளிக்கூடத்திலை கேட்டுக்கொள்ளுங்கோ. எல்லாத்துக்கும் மேலாக, வாங்கின பெட்டியைப் பிள்ளையின்ர கையிலை குடுத்துத் திறந்து காட்டச் சொல்லுங்கோ. அவள் பள்ளிக்கூடத்திலை சாப்பிட இருக்கிறது இருபது நிமிசம்.

இதிலை புதுமை ஒண்டுமில்லை. பாண்டாவுமில்லை. எங்கட வீட்டிலை உள்ள ஒரே புதுமை, இப்ப பெட்டி கட்டுறது நான். இரவு ஒரு மணிக்கு வேலையாலை வந்து பழத்தை வெட்டிக் குளிர்ப்பெட்டியிலை வைச்சிட்டுப் படுப்பன். விடிய ஆறரைக்கு எழும்பிச் சுடுசாப்பாடு போட்டுட்டுத் திரும்பப் படுப்பன். மனிசி இப்ப ஐஞ்சேகாலுக்குத்தான் எழும்பிறாள். முக்கால் மணித்தியால நித்திரை. கலியாணம் கட்டிப் பன்ரெண்டு வருசத்திலை நான் அவளுக்குக் குடுத்த பெரிய பரிசு அதுதான் எண்டு சொல்ல எனக்கே வெக்கமாயிருக்கு.

அண்ணைமாரே, தம்பிமாரே, அடுத்த முறை அந்த வீடியோ வந்தால் மனிசிக்கு அனுப்பாதேங்கோ. நீங்களே பாருங்கோ. கத்தி பிடிக்கத் தெரிஞ்ச கை உங்கடைதான்.

நேற்றுப் பெட்டி பாதியோடை திரும்பி வந்தது. ஏனெண்டு கேட்டன், சத்தம் போடாமல். "கதைச்சுக்கொண்டிருந்திட்டன் அப்பா" எண்டாள்.

அது பரவாயில்லை.