அரை வேக்காட்டு மென்பொருள்: செல்போனில் ஏற்றலாமா?

தென்காசி மாவட்டத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று பாவூர்சத்திரத்தில் இருக்கிறது. சுற்று வட்டாரத் தோட்டங்களில் விளையும் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், பல்லாரி எல்லாம் இங்கே வருகின்றன. இங்கிருந்து லாரிகளில் மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகின்றன.

விலை பேசுவது செல்போனில். லாரியை அழைப்பது செல்போனில். பணம் வந்து சேருவதும் செல்போனில்தான்.

அந்தச் செல்போன் ஒரு மணி நேரம் நின்றுபோனால்? வியாபாரமும் நின்றுபோகும்!

ஆனால் நல்ல நிலையில் இருக்கும் போனைத் தாங்களாகவே கோளாறில் மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. "புதுசு வந்திருக்கிறது, முதலில் நாம் பார்த்துவிடலாம்" என்ற ஆசைதான் காரணம். அப்பாவின் போனில் மகன் அதை ஏற்றிவிடுகிறான். மறுநாள் போன் கொதிக்கிறது. மாலைக்குள் பேட்டரி தீர்ந்துபோகிறது.

அது என்ன?

செல்போனுக்குள் 'இயங்குதளம்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கட்டிட வேலையில் கொத்தனார், சித்தாள், தச்சர் எல்லோருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி போன்றது அது. கேமரா, ஒலிபெருக்கி, சிம் கார்டு, வங்கிச் செயலி எல்லாம் அதன் சொற்படி நடக்கின்றன. கூகுளின் ஆண்ட்ராய்டு, ஆப்பிளின் ஐ.ஓ.எஸ். ஆகிய இரண்டுமே இன்று உலகில் மிகுதியாக உள்ளவை.

இவை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றன. வேலை முழுதாக முடிவதற்கு முன்பே ஒரு முன்னோட்டத்தை வெளியிடுகிறார்கள். அதற்குப் பெயர் 'பீட்டா'. பீட்டா என்பது கிரேக்க மொழியின் இரண்டாம் எழுத்து. தமிழில் 'சோதனைப் பதிப்பு' எனலாம்.

ஆண்ட்ராய்டு 16-ஐ எடுத்துக்கொள்வோம். மென்பொருள் எழுதுவோருக்கான முதல் முன்னோட்டம் 2024 நவம்பரில் வந்தது. பொதுமக்கள் ஏற்றிப் பார்க்கக்கூடிய பீட்டா 2025 ஜனவரியில் வந்தது. முழுப் பதிப்பு ஜூனில்தான் வெளியாயிற்று. இடையில் இருந்த மாதங்கள் எல்லாம் பிழை பிடிக்கும் மாதங்கள்!

ஏன் வெளியிடுகிறார்கள்?

கம்பெனியின் சோதனைக்கூடத்தில் சில ஆயிரம் போன்களை வைத்துப் பார்க்கலாம். ஆனால் உலகில் போன்களோ கோடிக்கணக்கில் இருக்கின்றன. பல கம்பெனிகள்; பல மொழிகள்; பல செயலிகள். எது எதோடு மோதும் என்று அறைக்குள் உட்கார்ந்து சொல்ல முடியாது. பலர் கையில் கொடுத்தால்தான் தெரியும்.

கூட்டம் பெருகும்போது என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரமே கண்டது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனியின் அலுவலகம் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் 'அரட்டை' செயலி 2021-ல் வெளிவந்தது. 2025 செப்டம்பரில் மூன்றே நாளில், தினமும் புதிதாகச் சேருவோர் 3 ஆயிரத்திலிருந்து 3½ லட்சம் ஆகிவிட்டதாக அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். நூறு மடங்குக்கு மேல்! கணினி வசதியை அவசர அவசரமாகப் பெருக்க வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டிலேயே ஓர் இயங்குதளமும் உருவானது. பெயர் 'பார் ஓ.எஸ்.' சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த கம்பெனி ஒன்று அதைச் செய்தது. 2023 ஜனவரி 24-ந் தேதி மத்திய மந்திரிகள் அஸ்வினி வைஷ்ணவும் தர்மேந்திர பிரதானும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதையும் எடுத்த எடுப்பிலேயே எல்லோர் கையிலும் கொடுத்துவிடவில்லை. ரகசியக் காப்பு மிகவும் தேவைப்படும் சில நிறுவனங்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள்.

போன் ஏன் கொதிக்கிறது?

சோதனைப் பதிப்பு, தான் செய்யும் காரியங்களைக் குறித்துவைத்துக் கொண்டே ஓடும். எங்கே தவறு என்று கண்டுபிடிக்க அந்தக் குறிப்பு வேண்டும். ஒரே ஆள் மூட்டையும் தூக்கிக் கணக்கும் எழுதினால் களைப்பான் அல்லவா? போனும் அப்படியே.

புதுப் பதிப்பு ஏறியதும், பழைய படங்களையும் செயலிகளையும் போன் மறுபடி அடுக்கி வைக்கும். அதனால் ஓரிரு நாள் சூடு ஏறலாம். முழுப் பதிப்பிலும் இது உண்டு. அதன் பிறகும் சூடு தணியாவிட்டால் அதுதான் கோளாறு.

செயலி எழுதுவோரும் புதுப் பதிப்புக்குத் தயாராக இருக்க மாட்டார்கள். அதனால் சில வங்கிச் செயலிகள் திறக்க மறுப்பதுண்டு. சந்தையில் நிற்கும் வியாபாரிக்கு இதைவிட வேறு தொல்லை வேண்டாம்!

திரும்புவது கடினம்

ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் கடினம். ஆண்ட்ராய்டு சோதனைப் பதிப்பிலிருந்து பாதியில் பழைய பதிப்புக்குத் திரும்பினால், போனில் உள்ளவை எல்லாம் அழிக்கப்படும். குழந்தையின் முதல் படம், வரவு செலவுக் குறிப்பு, எதுவும் மிஞ்சாது. முன்பே வேறிடத்தில் நகல் எடுத்து வைத்தவர்களே தப்புவார்கள். முழுப் பதிப்பு வரும்வரை பொறுத்திருந்து விலகினால் இந்த இழப்பு இல்லை.

முழுப் பதிப்பே காலை வாரியதும் உண்டு. 2014 செப்டம்பரில் ஆப்பிள் 8.0.1 என்ற பதிப்பை வெளியிட்டது. புதிய ஐபோன் 6 போன்களில் சிக்னலே போய்விட்டது! சுமார் ஒரு மணி நேரத்தில் கம்பெனி அதைத் திரும்பப் பெற்றது. 40 ஆயிரத்துக்கும் குறைவான போன்களே பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. முடிந்த வேலையிலேயே இப்படி என்றால், முடியாத வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

யார் ஏற்றலாம்?

சோதனைப் பதிப்பு கெட்டது அல்ல. யாராவது ஏற்றிப் பார்த்துப் பிழை சொன்னால்தான் பிறகு வருவது நன்றாக இருக்கும். மென்பொருள் படிக்கும் மாணவர்களும் செயலி எழுதுவோரும் தாராளமாக ஏற்றலாம். ஆனால் அதற்கு வேறொரு போன் வேண்டும். ஆப்பிள் கம்பெனியே அப்படித்தான் அறிவுரை கூறுகிறது.

வீட்டில் ஒரே போன் வைத்திருப்பவர்கள் முழுப் பதிப்பு வரும்வரை காத்திருப்பது நல்லது. வந்த பிறகும் நகல் எடுத்து வைத்துவிட்டு ஏற்றுவது இன்னும் நல்லது. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் என்று கம்பெனி அனுப்புவதைத் தள்ளிப்போடக் கூடாது. அது பூட்டைச் சரி செய்கிற வேலை.

புதுமைக்கு ஆசைப்படலாம். பிழைப்பைப் பணயம் வைக்கக் கூடாது. பதறாத காரியம் சிதறாது!