பிறந்த குழந்தையின் தோலில் நீல நிறக் கட்டி... ‘சூட்டுக் கட்டி’ என்று விட்டுவிடலாமா?

பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத குழந்தை. பால் நன்றாகத்தான் குடிக்கிறது. குளிப்பாட்டும்போது பாட்டியின் விரலில் ஏதோ தட்டுப்படுகிறது. முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று, தலையில் முடிக்குள் இன்னொன்று. பட்டாணி அளவில், கெட்டியாக, நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில். “சூட்டுக் கட்டிதான், ரெண்டு நாள்ல அமுங்கிடும்” என்பார் ஒருவர். “கரப்பானுக்குத் தடவுற எண்ணெயைத் தடவிப் பாரு” என்பார் இன்னொருவர். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கு போட்டோ போகும். யாரோ ஒரு க்ரீம் பெயரை டைப் செய்வார்கள்.

பெரும்பாலான நேரம் இவர்கள் சொல்வது பலித்துவிடுகிறது. சிக்கலே அதில்தான். பச்சைக் குழந்தைக்கு வரும் தடிப்புகளில் முக்கால்வாசி தானாகவே மறைந்துவிடும். பிறந்த ஓரிரு நாளில் வரும் சிவப்புத் திட்டு, மூக்கில் வரும் வெள்ளைப் பொட்டு, வேர்க்குரு எதுவும் பயப்பட வேண்டியதில்லை. இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே இருக்கும் சாம்பல் நீலப் படலமும் அப்படித்தான். அது தோலோடு தட்டையாக இருக்கும், கையில் தட்டுப்படாது. ஆனால், கெட்டியாகக் கையில் உருளும் நீலக் கட்டிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், அது வேறு கதை. அரிதாக அது லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம்.

ரத்தத்தில் வரும் நோய் தோலுக்கு எப்படி?

எலும்பு மஜ்ஜையில் கட்டுப்பாடு இல்லாமல் பெருகும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தோடு சேர்ந்து உடல் முழுக்கச் சுற்றுகின்றன. அவை தோலுக்கு அடியில் போய்க் குவிந்தால் அந்த இடம் கட்டியாக எழும்பும். மருத்துவர்கள் இதை ‘லுக்கீமியா க்யூட்டிஸ்’ என்கிறார்கள். பெரியவர்களுக்கும் வரும். ஆனால், பிறந்த சில வாரங்களிலேயே வரும் லுக்கீமியாவில் தோல் பாதிப்பு அதிகம். சில குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாத கட்டத்திலேயே தோல் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் ‘பிளட் டெஸ்ட் நார்மல்’ என்ற ஒரே வரியோடு விஷயத்தை மூடிவிட முடியாது. கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்யும் பயாப்ஸிதான் பதில் சொல்லும். தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் செய்வார்கள். “இவ்வளவு சின்னக் குழந்தைக்குப் போய் கத்தி வைக்கணுமா?” என்று வீட்டில் தயங்குவது இயல்பு. ஆனால், மரத்துப்போக ஊசி போட்டு எடுக்கப்படும் அந்தத் துண்டு, சில மில்லிமீட்டர்தான்.

பிறவி லுக்கீமியா மிக மிக அரிது. பத்து லட்சம் பிறப்புகளில் 1 முதல் 5 வரை என்பது பொதுவான கணக்கு. நீலக் கட்டிக்கு வேறு காரணங்களும் உண்டு: கர்ப்பத்தில் தொற்றும் ரூபெல்லா, தாய்க்கும் சேய்க்கும் ரத்த வகை ஒத்துப்போகாதது, நரம்புத் திசுவில் வரும் வேறு கட்டிகள். இவற்றில் எதையுமே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஆங்கில மருத்துவப் புத்தகங்கள் இந்தத் தோற்றத்தை ‘ப்ளூபெர்ரி மஃபின்’ என்கின்றன. 1960-களில் அமெரிக்காவில் ரூபெல்லா பரவியபோது பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்து வைத்த பெயர். வெளுத்த கேக்கில் புதைந்த நீலப் பழம் என்ற அந்த உவமை வெள்ளைத் தோலுக்குப் பொருந்தும். நம்மூர்க் குழந்தைக்குக் கட்டி அவ்வளவு பளிச்சென்று தெரியாது. கறுத்த, நாவல்பழம் நசுங்கிய மாதிரியான நிறத்தில் மங்கலாக இருக்கும். போட்டோவில் இன்னும் மோசம். கூகுள் படத்தோடு ஒப்பிட்டு ‘இது அது இல்லை’ என்று நிம்மதியடைவது சரியான வழி இல்லை. கண்ணைவிட இங்கே விரலைத்தான் நம்ப வேண்டும்.

ஸ்டீராய்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருந்தே ஆக வேண்டும். லுக்கீமியா சிகிச்சையில் பயன்படும் மருந்துகளில் ஸ்டீராய்டும் ஒன்று. என்ன நோய் என்றே தெரியாமல் ‘அலர்ஜி’ என்று ஸ்டீராய்டு சிரப் கொடுத்தால், கட்டி தற்காலிகமாகச் சுருங்கலாம், பயாப்ஸி முடிவும் குழம்பலாம். நோய் மட்டும் உள்ளே இருக்கும். சீட்டில்லாமல் மருந்துக் கடையில் கேட்டு வாங்குவது பழக்கமாகிவிட்ட நமக்கு இது உறைக்க வேண்டும்.

‘நீ என்ன சாப்பிட்ட?’

நோய் உறுதியான வீட்டில் அடுத்து விசாரணை தொடங்கும். கிரகணத்தன்று வெளியே போனாளா, பப்பாளி சாப்பிட்டாளா, போனைக் கையிலேயே வைத்திருந்தாளா... எல்லாக் கேள்வியும் அம்மாவை நோக்கித்தான். உண்மையில், இந்த லுக்கீமியாக்களில் பலவற்றில் கேஎம்டி2ஏ என்ற மரபணு உடைந்து வேறொன்றோடு தவறாக ஒட்டிக்கொள்கிறது. இது நடப்பது கருவில் வளரும் குழந்தையின் ரத்த அணுவில். அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வழிவழியாக வருவதல்ல. 1997-இல் வெளியான ஓர் ஆய்வு, லுக்கீமியா வந்த குழந்தைகளுக்குப் பிறந்தபோது எடுத்து வைத்திருந்த ரத்தப் பொட்டுகளிலேயே இந்தத் தடயம் இருந்ததைக் காட்டியது. பப்பாளியை விட்டுவிடலாம்.

எல்லாக் குழந்தைக்கும் உடனே கீமோ என்பதும் இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே லுக்கீமியா போன்ற ஒரு நிலை வந்து, சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிற்பாடு உண்மையான லுக்கீமியா வரலாம் என்பதால் தொடர்ந்து ஃபாலோ-அப் வேண்டும். வேறு சில அரிதான வகைகளிலும் மருத்துவர்கள் நெருக்கமாகக் கவனித்தபடி காத்திருப்பார்கள். ஆனால், எந்த வகை என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்த பிறகு எடுக்கும் முடிவு அது. ‘பார்த்துக்கலாம்’ என்று வீட்டில் காத்திருப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நல்ல செய்தியும் இருக்கிறது. கேஎம்டி2ஏ பாதிப்போடு லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா வந்த, ஒரு வயதுக்குட்பட்ட 30 குழந்தைகளுக்கு வழக்கமான கீமோவோடு பிளினாடுமொமாப் என்ற மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. 2023-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான முடிவின்படி, 2 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 93.3 சதவீதம். முந்தைய சிகிச்சை முறையில் இது 65.8 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனாலும், கட்டியைப் பார்த்ததும் ‘இனி என்ன பண்ணி என்ன’ என்று உட்கார்ந்துவிடும் நிலைமை இப்போது இல்லை.

கையில் கட்டி தட்டுப்பட்டால், தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். புதிதாக வருகிறதா, பெரிதாகிறதா என்று மருத்துவர் கேட்பார். குழந்தை வெளுத்திருக்கிறதா, பால் குடிப்பது குறைந்திருக்கிறதா, வயிறு உப்பியிருக்கிறதா, எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தால் அன்றைக்கே, எதுவுமே இல்லாவிட்டாலும் ஓரிரு நாளுக்குள், குழந்தைகள் நல மருத்துவரிடம் போங்கள். குரூப்பில் வந்த க்ரீமைத் தடவாமல்.