முதலில் காற்சட்டை, பிறகு சங்கிலி வாள்

2013 டிசம்பரில் ரொறொன்ரோவில் பெய்த பனிமழையும், 2022 மே 21ஆம் திகதி ஒன்ராறியோவை அடித்துச் சென்ற பெருங்காற்றும் எம்மவர் பலருக்கு வளவு மரங்களைப் பற்றிய பயத்தை விட்டுச் சென்றுள்ளன. முறிந்த மரத்தை இறக்க ஆள் கூப்பிட்டால் கேட்கிற காசு தலையைச் சுற்ற வைக்கிறது. ஆகவே கராஜில் பனி தள்ளும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இப்போது ‘செயின் சோ’ எனப்படும் சங்கிலி வாளும் வந்துவிட்டது. இரத்த அழுத்தம் பார்க்க வருபவர்கள்கூட, “டொக்டர், பதினாறு அங்குலம் நல்லதோ, இருபது அங்குலம் நல்லதோ?” என்று கேட்கிறார்கள்.

வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விதான் இது. ஆனால் முதலாவது கேள்வி அதுவல்ல. “காலுக்கு என்ன போடப் போகிறீர்கள்?” என்பதுதான் நான் திருப்பிக் கேட்பது. பெரும்பாலும் பதில் வருவதில்லை.

அகதிகளாக வந்த நாங்கள் எதையும் எங்கள் கையால் செய்து பழகியவர்கள். அந்தக் குணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் பலர் இங்கே வீடு வாங்கினோம். பங்கருக்குப் பனங்குற்றி தறித்த நாட்களில் எங்களிடம் இருந்தவை கோடரியும் கைவாளும். கோடரி தவறினால் ஒரு வெட்டு, அத்தோடு கை தானாக நின்றுவிடும். சங்கிலி வாள் அப்படியல்ல. முழு வேகத்தில் அதன் சங்கிலி செக்கனுக்கு சுமார் 20 மீற்றர் ஓடுகிறது. அது கத்தியைப்போல் சதையைக் கீறுவதில்லை. சுமார் கால் அங்குல அகலத்துக்குச் சதையையும் நரம்பையும் அள்ளி எடுத்துக்கொண்டு போகிறது. மரத்தூளும் எண்ணெயும் துணியும் உள்ளே புகுந்துவிடும். அதைத் தைப்பது வேறு, பழையபடி நடக்க வைப்பது வேறு. அதிகம் காயப்படுவது கால்கள், குறிப்பாக இடது தொடையும் முழங்காலும். அடுத்து இடது கை.

பாதுகாப்புக் காற்சட்டையின் முன்பக்கத்தில் நீண்ட இழைகள் பல அடுக்காக வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். சங்கிலி மேல்துணியைக் கிழித்த கணமே அந்த இழைகள் இழுபட்டு வந்து, சங்கிலியைச் சுழற்றும் பற்சில்லில் சுற்றி வாளை நிறுத்திவிடும். ஜீன்ஸுக்கு மேலே கட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. ஒருமுறை வெட்டுப்பட்டால் அதைத் தைத்துப் போடக்கூடாது, எறிந்துவிட வேண்டும். மின்சார, பற்றரி வாள்களின் இழுவிசை கூடியது என்பதால் எல்லாக் காற்சட்டையும் அவற்றை நிறுத்தும் என்றில்லை. வாங்கும்போது கேட்டுப் பாருங்கள். அதோடு முகவலையும் காதுமூடியும் சேர்ந்த தலைக்கவசம், முன்பக்கம் இரும்பு வைத்த சப்பாத்து. இவற்றுக்குக் காசு போதவில்லை என்றால் வாளுக்கும் காசு போதவில்லை என்பதே என் கணக்கு.

இனி அங்குலக் கதைக்கு வருவோம். விழுந்த கொப்புகளையும் சின்ன மரங்களையும் அறுக்கும் ஒரு குடும்பத்துக்கு 12 அல்லது 14 அங்குலத் தகடு போதும். தகடு நீள நீளப் பாரம் கூடும், அதன் நுனி எங்கே படுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆபத்து அந்த நுனியில்தான் இருக்கிறது. நுனியின் மேல் பாதி ஒரு மரத்திலோ மறைந்திருக்கும் கொப்பிலோ முட்டினால் வாள் மேல்நோக்கித் துள்ளி, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். கண் இமைப்பதற்குள் நடந்துவிடும் என்பதால் கவனமாக இருப்பேன் என்ற பேச்சுக்கு இடமில்லை. முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள சங்கிலித் தடை, துள்ளல் குறைந்த சங்கிலி, பெருவிரலால் சுற்றிப் பிடித்த இடது கை, இவை மூன்றும்தான் காப்பு. பாவித்த வாளை மலிவாக வாங்குபவர்கள் அந்தத் தடை வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெற்றோலா பற்றரியா என்றால் எம்மவரில் பெரும்பாலானோருக்கு நான் பற்றரியையே சொல்வேன். அதன் அதிர்வும் சத்தமும் குறைவு, புகையும் இல்லை. பெற்றோல் வாளின் சத்தம் காதருகே 110 டெசிபெல் வரை போகும். ஒன்ராறியோவின் வேலைத்தள விதி 8 மணித்தியாலத்துக்கு 85 டெசிபெல். அதே கணக்கில் 110 என்பது 2 நிமிடத்துக்கும் குறைவு. பற்றரி வாளுக்கும் காதுமூடி வேண்டும்.

பராமரிப்பை நான் உடல்நலத்தின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன். கூரான சங்கிலி மரத்தைச் சீவலாகத் துப்பும். மாவாகத் துப்பினால் அது மொட்டை. மொட்டை வாளை மனிதன் தள்ளுகிறான். தள்ளும்போது கை களைக்கிறது, அதிர்வு கூடுகிறது, அறுபட்ட மறுகணம் வாள் காலுக்கு வந்து விழுகிறது. ஆகவே பெற்றோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் உருளை அரத்தால் ஒவ்வொரு பல்லையும் இரண்டு மூன்று தரம், ஒரே பக்கமாக, ஒரே சாய்வில் ராவுங்கள். அரத்தின் பருமன் சங்கிலிக்குச் சங்கிலி வேறுபடும். வாளோடு வரும் புத்தகத்தில் இருக்கும். சங்கிலி தகட்டின் கீழே தொங்கக்கூடாது, கையுறை போட்ட கையால் இழுத்தால் ஓடவும் வேண்டும். சூட்டில் இறுக்கிய சங்கிலியை வேலை முடிந்ததும் தளர்த்தி விடுங்கள்; ஆறும்போது அது சுருங்கும். சங்கிலிக்கு அதற்குரிய எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். காரில் இருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றிக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் கலந்த அந்த எண்ணெய் பனிப்புகாராகத் தெறித்து உங்கள் தோலிலும் மூச்சிலும் போய்ச் சேர்கிறது.

விழுந்த மேப்பிள் அடிமரத்தில் பிள்ளையார் செதுக்க ஆசைப்படுபவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் செதுக்கு வேலை முழுக்க நுனியால் செய்வது. அதற்கென்று நுனி மிகவும் ஒடுங்கிய தகடு உண்டு, அதில் துள்ளல் குறைவு. சாதாரணத் தகட்டால் தொடங்காதீர்கள். மணிக்கணக்காக அதிர்வைப் பிடிப்பவர்களுக்கு விரல் நுனி குளிரில் வெளிறி மரத்துப் போகும். 1918இலேயே அலிஸ் ஹமில்ரன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தியானாவில் காற்றுச் சுத்தியலால் கல் செதுக்கியவர்களிடம் இதைக் கண்டு எழுதினார். முற்றினால் மாறாது. அடிக்கடி ஓய்வு எடுங்கள், கையைச் சூடாக வையுங்கள், புகைப்பதை விடுங்கள். மரத்தூளையும் புற்றுநோய்க் காரணிகளில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியுள்ளது. செங்கேதார மரத்தின் தூள் ஆஸ்துமாவையும் கொண்டுவரும். முகமூடி அணியுங்கள்.

சிலர் இந்த வாளைத் தொடவே வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், இன்சுலின் போட்டுச் சீனி திடீரென்று இறங்குபவர்கள், நீரிழிவால் பாதம் உணர்விழந்தவர்கள். எங்கள் அறுபது வயதுக்காரரில் இப்படி எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். எவராக இருந்தாலும் ஏணியில் நின்றோ, தோளுக்கு மேலே தூக்கியோ, தனியாக நின்றோ அறுக்க வேண்டாம். மின்கம்பிக்கு 3 மீற்றருக்குள் உள்ள மரமும், வீட்டுப் பக்கம் சாய்ந்த மரமும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. அந்தக் காசைக் கொடுங்கள். ரொறொன்ரோவில் 30 சென்ரிமீற்றர் விட்டத்துக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட மாநகர அனுமதியும் தேவை. காயப்பட்டால் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்தியபடி 911ஐ அழையுங்கள். காரில் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள்.

நிர்வாகசபைக்கு ஒரு வேண்டுகோள். எமது சங்கம் அங்கத்தவர்களின் விசேடங்களுக்கு அண்டாவும் கதிரையும் இரவல் கொடுக்கிறது. அதேபோல் இரண்டு அளவில் காற்சட்டையும், இரண்டு தலைக்கவசமும், ஒரு அரமும் வாங்கி வைத்தால் என்ன? வருடத்தில் ஒரு நாள் மட்டும் வாள் பிடிக்கும் குடும்பம் இவற்றைத் தன் காசில் வாங்கப் போவதில்லை. இரவல் கிடைத்தால் போடும். முதல் காற்சட்டைக்கான காசை நான் தருகிறேன்.