குட்டை இழைக்கு ஒரு மருத்துவ வேலை

கருங்கண்ணிப் பருத்தியை மில்காரர்கள் இப்போது சீண்டுவதில்லை. இழை குட்டை, மிஷின் வேகத்துக்குத் தாங்காது என்கிறார்கள். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கே 11 மாதிரி ரகங்களைத் தந்தும், எங்கள் கரிசலில் பருத்தி நின்ற புஞ்சைகளில் மக்காச்சோளம்தான் நிற்கிறது. கெமிஸ்ட்ரி வாத்தியாரான என் கேள்வி இதுதான்: நூலுக்குத்தானே இழை நீளம் வேண்டும், செல்லுலோஸுக்கு எதற்கு?

பஞ்சில் பத்துக்கு ஒன்பது பங்கு செல்லுலோஸ். அதை அசிட்டேட்டாக்கி, அசிட்டோனில் கரைத்து, மருந்து சேர்த்து, மெல்லிய படலமாகத் தடவலாம். காயவைப்பதில்தான் வம்பு. சும்மா காற்றில் விட்டால், கோடைக் கரிசல் போலப் படலம் சுருங்கி இறுகிவிடும். மருந்து மெல்லக் கசிய நுண்துளைகள் வேண்டுமே! அங்கேதான் கரியமில வாயு கைகொடுக்கிறது. 31 டிகிரிக்கு மேல் வெப்பமும் 74 பாருக்கு மேல் அழுத்தமும் சேர்ந்தால், அது வாயுவுமில்லை, திரவமுமில்லை. நிரம்பிய கரியமில வாயு தீயணைப்பு சிலிண்டர் தீப்பெட்டி ஆபீஸ் சுவரில் தொங்கினால், சித்திரை மதியத்தில் அதற்குள் இருப்பதும் இதே நிலைதான். இந்நிலையில் அது படலத்துக்குள் புகுந்து அசிட்டோனை வெளியேற்றுகிறது. பரப்பு இழுவிசை கிடையாது. அதனால் துளைச் சுவர்கள் சரிவதில்லை. இத்தாலியின் சலேர்னோ பல்கலைக்கழகத்தில் இப்படிச் செல்லுலோஸ் அசிட்டேட் படலங்கள் செய்திருக்கிறார்கள். அழுத்தத்தையும் கரைசலின் செறிவையும் மாற்றினால் துளையின் அளவும் மாறும்.

கரியமில வாயுவுக்கு எங்கும் அலைய வேண்டாம். தூத்துக்குடி ஆல்கலி ஆலையில் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் திட்டம் 2016-இல் வந்தது. அதை மருந்துத் தரத்துக்குச் சுத்திகரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

விலை எல்லாம் இந்த அழுத்தத்தைத் தாங்கும் கலத்தில்தான். 200 பார் தாங்கும் எஃகு, பம்பு, வால்வு, சான்றிதழ் எல்லாம் ஒரு ஜின்னிங் முதலாளியால் தனியாக ஆகிற காரியமில்லை. அரசு ஒரு பொது வசதி மையமாக இங்கே வைக்க வேண்டும். கரிசலுக்குத் தொழில் என்றாலே இன்னொரு மில், இன்னொரு காற்றாலை என்று யோசித்தது போதும்.

இதனால் பருத்தி குவிண்டால் விலை ஏறிவிடும் என்று புளுக மாட்டேன். ஒரு படலத்துக்கு ஒரு கிராம் பஞ்சுகூடத் தேவைப்படாது. காசு பஞ்சில் இல்லை, செய்நேர்த்தியில் இருக்கிறது. பி.எஸ்சி. முடித்ததும் ஓசூருக்கு பஸ் ஏறும் என் மாணவர்களுக்கு அது போதும்.

மாத்திரையில் கைவைப்பதற்கு முன், புண்ணில் ஒட்டும் படலத்தில் தொடங்கலாம். பேண்டேஜ் துணி நெய்து ஊர் ஊராக அனுப்பத் தெரிந்தவர்கள் ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் இருக்கிறார்கள். விலங்குச் சோதனை, நோயாளிச் சோதனை, லைசென்ஸ் என்று ஆண்டுகள் ஓடிவிடும். கலத்தை வருகிற பட்ஜெட்டிலேயே கேட்டாக வேண்டும்.